மூன்று வேலை நாள்

முதல் முறை அவர் என் அலுவலகத்துக்கு வந்தபோது, வழக்குப் போட இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். 2021 ஜனவரி, மார்கழி முடியும் தறுவாய். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் குடியிருப்பவர். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். குடும்பத்தில் தலைமுறையாக வந்த நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைக் கடல் கடந்திருக்கும் குழந்தைகளுக்கு இணையவழியில் சந்தை சொல்லிக்கொடுப்பவர். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் விடியற்காலையில் நெட் போய்விடுகிறது, ஒன்பது மணிக்கு மேல் தானாகவே வந்துவிடுகிறது என்பதுதான் அவருடைய குறை. கேட்டு முடித்ததும் நான் கேட்ட ஒரே கேள்வி: "தொடர்ந்து மூணு நாள் இல்லாம இருந்ததுண்டா, சுவாமி?" அவர் கொஞ்சம் யோசித்து, இல்லை என்றார். அந்த ஒரு சொல்லோடு என் ஆலோசனை முடிந்துவிட்டது.

நான் கேட்டது விதிப்புத்தகத்துக் கேள்வி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006 அக்டோபரில் அகண்ட அலைவரிசைச் சேவையின் தரத்துக்கு விதிகள் வகுத்தது. பழுது மூன்று வேலை நாளுக்கு மேல் நீடித்து ஏழுக்குள் சரியானால் ஏழு நாள் கட்டணம் தள்ளுபடி. ஏழைத் தாண்டிப் பதினைந்துக்குள் என்றால் பதினைந்து நாள். அதற்கும் மேலே போனால் ஒரு மாதம். அன்று வாடிக்கையாளருக்குப் பணமாகக் கிடைத்த பரிகாரம் இவ்வளவுதான். இதில் 'வேலை நாள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை போன இணைப்பு திங்கட்கிழமை காலை வரை இல்லாவிட்டாலும் ஒரு வேலை நாள்கூடக் கணக்கில் ஏறாமல் போகலாம். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பழுதும் சரியானவுடன் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும் என்பது. இன்று எண்பது நிமிடம், நாளை எண்பது நிமிடம், மறுநாள் நூறு நிமிடம் என்று வருடம் முழுக்க அறுந்தாலும், எந்த ஒரு பழுதும் மூன்று நாளைத் தொடாததால், இந்த விதியின் கண்ணுக்கு அங்கே நடந்தது ஒன்றுமில்லை.

அதே விதிகளில் இன்னொரு அளவுகோலும் இருந்தது: சேவை 98 விழுக்காட்டு நேரம் கிடைக்க வேண்டும். கேட்க நிறைவாக இருக்கிறது. முப்பது நாள் மாதத்தில் மீதி இரண்டு விழுக்காடு என்பது 14 மணி 24 நிமிடம். அதுவும் நிறுவனத்தின் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி. ஒரு தனி வீட்டுக்கு அது கணக்கே இல்லை. அவருடைய வகுப்பு காலை ஆறரைக்குத் தொடங்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டு மணி, கோடையில் ஒன்பது. சந்தை என்றால் ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர்கள் இரு முறை திருப்பிச் சொல்வது. ஆசிரியரின் குரல் பாதியில் நின்றால் குழந்தைகள் பத்து நிமிடம் காத்திருப்பார்கள், பிறகு தூங்கப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு இணைப்பு திரும்பி வரும்போது அந்த ஊரில் நள்ளிரவை நெருங்கியிருக்கும். இருபத்துநான்கு மணி நேரத்தில் இரண்டரை மணி நேரப் பழுது என்பது விதிக்குச் சிறியது. அவருக்கு அந்த நாள் முழுவதும் போய்விட்டது. இதையெல்லாம் அன்றைக்கே நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. விதியில் இடமில்லாத குறை குறையே இல்லை என்று நினைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். அன்று எனக்கும் ஒட்டியிருந்தது.

ஏப்ரலில் அவர் மறுபடி வந்தார், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தோடு. டெக்சாஸில் இருக்கும் ஒரு மாணவனின் தந்தை வலையமைப்புப் பொறியாளர். அவர் தொலைபேசியிலேயே சுவாமிக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்திருந்தார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்து மோடத்துக்கு யுபிஎஸ் வைத்திருக்கிறார், பழுது நிற்கவில்லை. வைஃபையைச் சந்தேகித்து மடிக்கணினியை நேராகக் கம்பியில் செருகியிருக்கிறார், நிற்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் சொன்னபடி சொந்தப் பணத்தில் புது ரூட்டர் வாங்கியிருக்கிறார், அப்போதும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மோடத்தில் எரிந்தது எந்த விளக்கு என்று குறித்திருக்கிறார். 'லாஸ்' என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டுக்கு வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள்; குற்றம் வீட்டுக்குள் இருக்க முடியாது. எல்லாப் பதிவிலும் அந்தச் சிவப்பு விளக்கு இருந்தது. நேரில் பார்த்த சாட்சி இல்லாத குற்ற வழக்கில், மற்ற எல்லாச் சாத்தியங்களையும் ஒவ்வொன்றாக அடைத்து ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் சங்கிலியை நாங்கள் மாதக்கணக்கில் கோப்போம். அதை இவர் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் செய்து வைத்திருந்தார்.

நோட்டில் இன்னொரு வரிசை எண்களும் இருந்தன. கண்ணாடி இழையில் வரும் ஒளியின் அளவை மோடத்தின் உள்பக்கத்திலேயே பார்க்கலாம். அதை மைனஸ் எண்ணில் சொல்வார்கள்; எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு; மூன்று கூடினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கொள்ளலாம். சாதாரண வீட்டு மோடம் மைனஸ் 27 வரை படிக்கும், அதற்குக் கீழே போனால் தடுமாறும். சுவாமியின் வீட்டில் நண்பகலில் மைனஸ் 25-ஐ ஒட்டி நின்ற எண், விடியற்காலையில் மைனஸ் 28 வரை இறங்கியிருந்தது. அவர் அந்தத் திரையைத் தினமும் இரு வேளை செல்பேசியில் படம் பிடித்துவைத்தார். இணைப்பு விடியலில் செத்து வெயிலில் பிழைக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அதைச் சொன்னவர் லைன்மேன். நான் ஒரு காலை சுவாமியின் வீட்டுக்குப் போயிருந்தபோது வந்தார். ஏணியில் ஏறிக் கம்பத்திலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். "பாருங்க சார், நூறு மீட்டருக்குள்ள அஞ்சு ஜாயிண்ட்." ஸ்ரீரங்கத்தில் தைத்தேர் உத்திர வீதியில் ஓடும், சித்திரைத்தேர் அதற்கு வெளியே சித்திரை வீதியில் ஓடும். வெளியிலிருந்து வரும் கேபிள் இரண்டு வீதியையும் குறுக்கே தாண்டித்தான் சுவாமியின் வீட்டுக்கு வர வேண்டும். தேருக்கு முன் அதை வெட்டி இறக்குவார்கள். தேர் நிலைக்கு வந்தபின் அவசரமாக ஒட்டுவார்கள். இயந்திரத்தில் உருக்கி ஒட்டினால் இழப்பு மிகக் குறைவு. அதற்கு ஆளும் நேரமும் இல்லாத இரவில் கிளிப் போட்டு முட்டவைத்து விடுவார்கள். ஒவ்வொரு கிளிப்பும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். "பனியில சுருங்குது, இழை விலகுது. வெயில் பட்டா மறுபடி சேருது. நாங்க பத்து மணிக்கு வர்றப்ப பச்சை விளக்குதான் எரியும். என்னன்னு எழுதுறது? சரியாயிடுச்சுன்னுதான் எழுதணும்." ஆக, வருடா வருடம் செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அடுத்த பழுதுக்கு ஓர் இடத்தை உண்டாக்கியிருக்கிறது. கேபிளை முழுதாக மாற்றியிருந்தால் ஒரு நாள் வேலை.

அந்த லைன்மேனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால் வழக்கு அரை நாளில் முடிந்திருக்கும். அவர் நிறுவனத்தின் ஊழியர் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் மாதக் கூலிக்கு இருப்பவர். என்னிடம் சொன்னதை நுகர்வோர் ஆணையத்தில் சொன்னால் மறு மாதம் வேலை இருக்காது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏணியை மடித்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்த பார்வை போதுமாக இருந்தது. அவர் பெயரை நான் எந்த மனுவிலும் எழுதவில்லை. அவர் சொன்னதை அவர் இல்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதனால் வழக்கு ஓராண்டுக்கு மேல் நீண்டது. அந்த ஓராண்டின் செலவு சுவாமியின் தலையில்தான் விழுந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

வழக்குக்கு முன் ஏறவேண்டிய படிகள் இருந்தன. 2012-இல் டிராய் வகுத்த குறைதீர் விதிகளின்படி முதலில் புகார் மையம், அங்கே ஒரு புகார் எண். தீராவிட்டால் அதே நிறுவனத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரி, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய்தோம். வந்த பதில், "உங்கள் புகார்கள் அனைத்தும் உரிய காலத்துக்குள் தீர்க்கப்பட்டு மூடப்பட்டுள்ளன." அதில் பொய் இல்லை. மோடம் மறுபடி உயிர்பெற்றதும் கணினி புகாரைத் தானாக மூடிவிடும். புகார் தீர்ந்ததா என்பதைப் புகாருக்கு ஆளானவரே தீர்மானிக்கும் ஏற்பாடு அது. மற்ற எந்த வழக்கிலும் நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

2021 ஆகஸ்டில் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்தோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பெரிய உபகாரம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஐந்து இலட்சம் வரை கட்டணமும் இல்லை. எதிர்தரப்பு முப்பது நாளில் பதிலுரை போட வேண்டும், மிஞ்சினால் இன்னும் பதினைந்து நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆணையத்தால் தரமுடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்திருந்தது. பதிலுரை நாற்பத்து நான்காம் நாள் வந்தது. அதன் முதல் பத்தியே, இந்த ஆணையத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்பது.

அந்த ஆட்சேபணையோடு எனக்குப் பழைய பகை உண்டு. கோழிக்கோட்டில் ஒருவர் தொலைபேசிக் கட்டணம் கட்டாததால் இணைப்பைத் துண்டித்தார்கள். நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி ஐயாயிரம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 செப்டம்பர் 1-ஆம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஏ.கே. கங்குலியும் வழங்கிய சுருக்கமான தீர்ப்பு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவில் இத்தகைய தகராறுகளுக்கு நடுவர் ஏற்பாடு இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. எம். கிருஷ்ணன் வழக்கு என்று அதைச் சொல்வோம். அந்த நடுவரை நியமிப்பது மத்திய அரசு. மாதம் சில நூறு ரூபாய் கட்டும் ஒருவர் தன் தொலைபேசிக்காக மத்திய அரசை நடுவர் நியமிக்கச் சொல்லிக் கேட்பது எந்த ஊரில் நடக்கும்? 2010-இல் என் கட்சிக்காரர்கள் இருவரின் புகார்கள் அந்தத் தீர்ப்பின் பேரில் தள்ளுபடியாயின. இருவரும் நடுவரைத் தேடிப் போகவில்லை. தொலைபேசியைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தனியார் நிறுவனம் தந்தி அதிகாரி ஆகாது, அதற்கு 7பி பொருந்தாது என்று 2014-இல் தொலைத்தொடர்புத் துறையே கடிதம் எழுதிய பிறகும், கீழ்மன்றங்களில் அந்தத் தீர்ப்பை நீட்டுவது நிற்கவில்லை.

நாங்கள் இதை வாதாடிக்கொண்டிருந்தபோதே டெல்லியில் முடிச்சு அவிழ்ந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 249 ரூபாய் வாடகைத் திட்டத்தில், 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையான ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசு பில் வந்தது. அவர் 2014-இல் நுகர்வோர் மன்றம் போனார். வோடபோன் ஐடியாவுக்கும் அஜய்குமார் அகர்வாலுக்குமான அந்த வழக்கு, அதிகாரம் உண்டா இல்லையா என்ற முதல் கேள்வியிலேயே ஏறக்குறைய எட்டு வருடம் ஓடியது. 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி நீதிபதிகள் சந்திரசூட், சூர்ய காந்த், விக்ரம் நாத் தீர்ப்புச் சொன்னார்கள்: நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலான பரிகாரம், நடுவரிடம் போக விரும்பினால் போகலாம், போகும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்த வாய்தாவில் அதன் நகலை ஆணையத்திடம் கொடுத்தேன். எதிர்தரப்பு வழக்கறிஞர் நல்ல மனிதர். படித்துப் பார்த்துவிட்டு அந்த ஆட்சேபணையை வற்புறுத்தவில்லை என்று எழுந்து சொன்னார். அந்த அகமதாபாத்காரருக்கு அன்றைக்குக் கிடைத்தது வழக்கை விசாரிக்கலாம் என்ற உத்தரவு மட்டும்தான். எங்களுக்குக் கதவு திறந்தது அவர் காத்திருந்த வருடங்களால்.

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடக் கூர்மையானது. இது வீட்டு உபயோகத் திட்டம். இவர் இதில் வகுப்பு நடத்திச் சம்பாதிக்கிறார். வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் சட்டப்படி நுகர்வோரே அல்ல. பழைய சட்டத்தின் விளக்கத்தில், சுயதொழிலால் பிழைப்பவர் அதற்காகப் பெறும் பொருளும் சேவையும் வணிக நோக்கத்தில் சேராது என்று இருந்தது. 2019 சட்டத்தின் விளக்கத்தில் 'பொருள்' மட்டும் நிற்கிறது, 'சேவை' இல்லை. அந்த விடுபட்ட சொல்லைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு தீர்ப்புகளை வைத்தேன். 1995-இல் கோயம்புத்தூர் பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி என்ஜினீயரிங் வழக்கில், ஒருவர் தட்டச்சு இயந்திரம் வாங்கித் தாமே பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைத்தால் அவர் நுகர்வோர்தான், ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டுபவரும் அப்படியே என்று உச்ச நீதிமன்றம் உதாரணம் காட்டியிருக்கிறது. 2019 நவம்பரில் மும்பை லீலாவதி மருத்துவமனை அறக்கட்டளை வழக்கில், செவிலியர் குடியிருக்க வாங்கிய வீடுகள் லாபத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதவை, ஆகவே வணிகம் அல்ல என்று சொல்லி, முதன்மை நோக்கம் எது என்று பார்க்கச் சொன்னது.

இங்கேதான் வழக்கு என் கட்சிக்காரரைச் சுட்டது. நான் வருமான இழப்பாக ஓர் இலட்சத்துக்கு மேல் கேட்டிருந்தேன். பதினெட்டுக் குழந்தைகளில் ஏழு பேரை, இப்படி அடிக்கடி நின்றுபோகிறதே என்று, பெற்றோர் வேறு ஆசிரியரிடம் மாற்றிவிட்டார்கள். அந்த ஏழு குடும்பம் அனுப்பிவந்த தொகையில்தான் வீட்டு வாடகை போய்க்கொண்டிருந்தது. ஆனால் இழப்பை நிரூபிக்க அவர் பிரமாணப் பத்திரத்தில் இதைத் தன் தொழில் வருமானம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதினால் எதிர்தரப்பு, பாருங்கள் வணிகம் என்று சொல்லும். எழுதாவிட்டால் இழப்பு இல்லை, இழப்பீடும் இல்லை. சட்டம் பார்த்து வைத்த இரண்டு வாசலும் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நின்றன. நான் பழகிய வக்கீல் புத்தியோடு நடுவழி ஒன்றைச் சொன்னேன்: பிழைப்புக்கான சுயதொழில் என்று எழுதலாம், லக்ஷ்மி என்ஜினீயரிங் நம்மைக் காப்பாற்றும்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வக்கீல் சார், அவா அனுப்பறது சம்பாவனை. அடியேன் இவ்வளவுன்னு கேட்டதில்லை. கொடுக்காத குழந்தையும் நாலு இருக்கு, அதுகளுக்கும் இதே சந்தைதான். இதை வருமானம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்குக் கார்த்தால எந்த வாயால திருப்பல்லாண்டு சொல்றது?"

"சுவாமி, போன மாச வாடகை?"

"அது வேற."

அந்த 'அது வேற' என்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. வருமான இழப்புக் கோரிக்கையைக் கைவிட்டோம். வாடகைக்கு வழியில்லாமலே இதைச் செய்தவரிடம் நான் மேலும் வற்புறுத்தாதது சரியா என்று இன்றும் சில நாள் யோசிப்பதுண்டு. கோரிக்கையை விட்டதும் வணிகம் என்ற ஆட்சேபணை நிற்க இடமில்லாமல் போயிற்று. ஆணையம் அவரை நுகர்வோராக ஏற்றது. வழக்கை அது வலுவாக்கியது, அவரை ஏழையாக்கியது.

மூன்றாவதாக அவர்கள் சொன்னது, தேர்த் திருவிழா மனித சக்திக்கு அப்பாற்பட்ட நிகழ்வு, அதனால் வரும் தடைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பது. கம்பிகளை இறக்குவது அவசியம் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த அந்த 2022 ஏப்ரல் 27-ஆம் தேதிதான் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு எந்த மனசாட்சியுள்ள வக்கீலும் கம்பியை ஏன் இறக்கினாய் என்று கேட்க மாட்டான். நாங்கள் கேட்டது, இறக்கியதை ஏன் ஒழுங்காக ஏற்றவில்லை என்பது. தேர் ஓடும் தேதி பஞ்சாங்கத்தில் ஒரு வருடம் முன்பே இருக்கிறது. சுவாமியைக் கேட்டபோது அவர் ஆணையத்தில் சொன்ன பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை: "பெருமாள் சொல்லாம வர்றதில்லை. வருஷா வருஷம் சொல்லிட்டுத்தான் வர்றார்."

லைன்மேன் இல்லாமல் பழுதை நிரூபிக்கும் வேலை மீதமிருந்தது. செல்பேசிப் படங்களுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இல்லை என்று ஆட்சேபம் வரும் என்று தெரியும். 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையம் அவ்வளவு கண்டிப்பு பார்ப்பதில்லை என்றாலும் சான்றிதழோடே தாக்கல் செய்தேன். அதோடு, நிறுவனத்திடம் இருக்கும் புகார்ப் பதிவுகளை முழுதாக வைக்கச் சொல்லி ஒரு மனு. அவர்கள் எதிர்க்கவில்லை. மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அது அவர்களுடைய திறமைக்குச் சான்று என்று நம்பினார்கள். ஒரே வீடு, 71 புகார், 71-ம் அதே நாளில் மூடப்பட்டவை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'சேவை மீட்கப்பட்டது'.

அந்தத் தாள்தான் எங்கள் வழக்கு. நோட்டுப் புத்தகத்தை ஒரு பக்கமும் அந்தத் தாளை மறு பக்கமும் வைத்துத் தேதி தேதியாக வாசித்தேன். மே மாதத்தில் புகாரே இல்லை. நிறுவனம் அதைத் தான் சரிசெய்ததன் பலன் என்றது. ஆனால் மே மாதத்தில் யாரும் அந்தக் கம்பத்தில் ஏறவில்லை என்பதும் அதே தாளில் இருந்தது. டிசம்பர் பனியோடு பழுது திரும்பி வந்தது. ஆணையத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: "எழுபத்தொரு தடவை சரி பண்ணினீங்கன்னா, எழுபதாவது தடவை சரி பண்ணினது என்ன?" எதிர்தரப்பு வழக்கறிஞர் அறிவுறுத்தல் பெற்றுச் சொல்வதாக அவகாசம் கேட்டார். என் வாதத்தில் பிரிட்டனையும் காட்டினேன். அங்கே 2019 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் பழுதுக்குத் தானாகவே இழப்பீடு தருகின்றன, கேட்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் இரண்டு முழு வேலை நாள் கழிந்த பின்தான் கணக்கு தொடங்குகிறது. நீளத்தை மட்டும் அளக்கும் அளவுகோல் நம்முடைய தவறு மட்டும் அல்ல. திரும்பத் திரும்ப வருவதை அளக்க யாரும் அளவுகோல் செய்யவில்லை. அதைச் செய்யும் அதிகாரம் இந்த ஆணையத்துக்கு உண்டு, ஏனென்றால் நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்கு நாள் கணக்கு கிடையாது.

உத்தரவு 2022 நவம்பரில் வந்தது. காவிரிப் பாலம் அந்தச் செப்டம்பரிலிருந்து பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தது; பேருந்து சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்ததால் தாமதமாகி, சுவாமி ஆணையத்தின் வாசலை அடைந்தபோது உத்தரவு வாசித்தாயிற்று. உத்தரவின் சாரம் இது: ஒரே காரணத்தால் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை இடைவெளி பாராமல் ஒரே தொடர் பழுதாகவே கொள்ள வேண்டும். பழுது இருந்த மாதங்களின் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்குப் பதினையாயிரம், செலவுக்கு ஐயாயிரம். பெட்டியிலிருந்து வீடு வரை ஒட்டு இல்லாத புதுக் கேபிள் இழுத்து, வீதியைத் தாண்டும் இடத்தில் வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பான் வைக்க வேண்டும். மாவட்ட ஆணையத்தின் உத்தரவு வேறு யாரையும் கட்டுப்படுத்தாது. அந்தத் தொடர் பழுது என்ற வாக்கியம் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தானாகச் செல்லாது. டிராயின் அந்த 2006 விதிகளுக்குப் பதில் 2024 அக்டோபர் முதல் புது விதிகள் வந்துவிட்டன. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், நுகர்வோர் சட்டத்தின்கீழ் போகும் உரிமை பாதிக்கப்படாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதிகாரம் இல்லை என்ற அந்தப் பழைய ஆட்சேபணை இனி எழக்கூடாது.

நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. கேபிள் இரண்டு வாரத்தில் மாறியது. வேலைக்கு வந்தவர்களில் அந்த லைன்மேனும் இருந்தார் என்று சுவாமி சொன்னார். விடியற்காலை எண் மைனஸ் 19-இல் நின்றது. போன ஏழு குழந்தைகள் திரும்பி வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்து, கொஞ்சம் தயங்கி, நோட்டுப் புத்தகம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். அது அ-4 என்று சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுக்கான 45 நாள் கழிந்த பிறகு மனுப்போட்டுத்தான் வாங்க முடியும் என்றேன். பழுது எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு குழந்தையும் எந்தப் பாசுரம் வரை வந்திருக்கிறது என்று குறித்து வைத்திருந்தாராம். வழக்கு நடந்த காலம் முழுக்க அதை நினைவிலிருந்தே ஓட்டியிருக்கிறார். ஜனவரியில் மனுப்போட்டு வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் ஆணையத்தின் முத்திரை இருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களைத் திருப்பி, ஏழு பெயரை விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு நேரே அன்றைய தேதியைப் போட்டார்.